தரையிலிருந்து தொடங்கும் கணக்கு

சிங்கப்பூரில் மாணவர் ரோபோப் போட்டிகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வளர்ந்த ‘சிங்கப்பூர் ரோபாட்டிக் கேம்ஸ்’ சுவரேறும் ரோபோ, சுமோ ரோபோ, புதிர்ப்பாதையில் ஓடும் எலி ரோபோ எனப் பல பிரிவுகளில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் மோதவைத்தது. சிங்கப்பூர் அறிவியல் நிலையம் 1990-களின் இறுதியில் தொடங்கி, பின்னாளில் தேசிய ரோபாட்டிக்ஸ் போட்டி எனப் பெயர் மாற்றிய போட்டி, இந்தக் கலையைப் பள்ளிகளின் இணைப்பாட நடவடிக்கைகளுக்குள் கொண்டுவந்தது. உலக ரோபோ ஒலிம்பியாட் தன் முதல் போட்டியை 2004-ஆம் ஆண்டு இந்நகரில்தான் நடத்தியது. 2010 ஜூன் மாதத்தில் ரோபோகப் போட்டி சன்டெக் அரங்கில் நடந்தது. 2023 அக்டோபரில் ஃபர்ஸ்ட் குளோபல் போட்டி உலகின் பெரும்பாலான நாடுகளிலிருந்து உயர்நிலைப்பள்ளி மாணவர் அணிகளை இங்கே வரவழைத்தது.

இப்போட்டிகளின் விதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்றில் பந்தைத் துரத்த வேண்டும், மற்றொன்றில் எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும், வேறொன்றில் கட்டைகளைப் பொறுக்கி அடுக்க வேண்டும். ஆயினும் எல்லாவற்றிலும் ரோபோ முதலில் நகர்ந்தாக வேண்டும் என்பதால், மோட்டார், பற்சக்கரங்கள், அச்சுத்தண்டு, சக்கரம் ஆகியவை சேர்ந்த இயக்கத்தொடர், அதாவது மாணவர்கள் டிரைவ்டிரெயின் என்று வழங்கும் பகுதி, மற்ற எல்லாப் பகுதிகளுக்கும் அடித்தளமாகிறது. தூக்கும் கை பழுதானால் ஒரு பணி கெடும். இயக்கத்தொடர் பழுதானால் ஆட்டமே கெடும். அப்படியிருந்தும் பல அணிகள் கையையும் கவ்வியையும் பற்றி வாரக்கணக்கில் விவாதித்துவிட்டு, பெட்டியில் கிடைத்த மோட்டாரையும் சக்கரத்தையும் அடியில் பூட்டி வேலையை முடித்துக்கொள்கின்றன. மோட்டாரிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கும் இந்த வழக்கத்துக்கு மாறாக, தரையிலிருந்து தொடங்கி மேலே ஏறும் கணக்கே சரியான வடிவமைப்பைத் தரும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ரோபோவை முன்னே செலுத்துவது மோட்டார் என்று தோன்றினாலும், உண்மையில் அதை முன்னே தள்ளுவது தரைதான். சக்கரம் தரையைப் பின்னோக்கி உதைக்கிறது. தரை, உராய்வின் வழியாக, சக்கரத்தை முன்னோக்கி உதைக்கிறது. இந்த உராய்வுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. சக்கரத்தின் மீது இறங்கும் எடையை, டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழு என்னும் எண்ணால் பெருக்கினால் அந்த வரம்பு கிடைக்கும். வழுவழுப்பான நெகிழிச் சக்கரம் மெருகேற்றிய பலகையில் ஓடும்போது இந்த எண் மிகக் குறைவு. மென்மையான ரப்பர் சக்கரம் நுரைப்பாய் மீது ஓடும்போது அது 1-ஐ ஒட்டி வரலாம். வரம்பைத் தாண்டி மோட்டார் எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலுமே தவிர, ரோபோவுக்குக் கூடுதலாக ஓர் அணுவும் விசை கிட்டாது.

இந்த ஒரே கருத்திலிருந்து பல முடிவுகள் பிறக்கின்றன. எடை கூடினால் தள்ளும் வலிமை கூடும். ஆனால் வேகம் பிடிக்கும் திறன் கூடாது, ஏனெனில் பிடிப்பு எந்த அளவில் வளர்கிறதோ அதே அளவில் நகர்த்த வேண்டிய நிறையும் வளர்ந்துவிடுகிறது. நான்கு சக்கரங்களில் இரண்டை மட்டும் மோட்டாருடன் இணைத்தால், மற்ற இரண்டின் மீது இறங்கும் எடை தள்ளுவதற்குப் பயன்படாமல் வீணாகிறது. சுமோ ரோபோ செய்பவர்கள் இந்தக் கணக்கை வேறெவரையும்விட நுட்பமாக அறிந்தவர்கள். 3 கிலோ எடைவரம்புள்ள பிரிவில் எஃகுத் தளத்தின்மீது போட்டி நடக்கும்போது, ரோபோவின் அடிவயிற்றில் வலிமையான காந்தங்களைப் பொருத்தி, எடையைக் கூட்டாமலேயே தரையை நோக்கிய அழுத்தத்தைப் பல மடங்காக்குகிறார்கள். அங்கே ஆட்டத்தின் முடிவைப் பெரும்பாலும் சக்கரத்தின் பிடிப்பே தீர்மானிக்கிறது. மோட்டாரின் வலிமை அதற்கு ஈடுகொடுத்தால் போதும்.

பிடிப்பின் வரம்பு தெரிந்த பிறகே மோட்டாரைப் பற்றிப் பேச வேண்டும். மாணவர் ரோபோக்களில் பயன்படும் நேர்மின்னோட்ட மோட்டாரின் இயல்பு எளிமையானது. சுமையே இல்லாதபோது அது தன் உச்ச வேகத்தில் சுழல்கிறது, அப்போது முறுக்குவிசை ஏறக்குறைய சுழியம். அதன் அச்சைப் பிடித்து நிறுத்திவிட்டால் முறுக்குவிசை உச்சத்தை அடைகிறது, மின்னோட்டமும் உச்சத்தை அடைகிறது, உள்ளே போகும் மின்னாற்றல் முழுவதும் வெப்பமாக மாறிச் சுருளைப் பொசுக்கத் தொடங்குகிறது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் வேகம் குறையக் குறைய முறுக்குவிசை நேர்கோட்டில் ஏறுகிறது. பற்சக்கரங்கள் செய்வது பண்டமாற்று மட்டுமே. வேகத்தைக் கொடுத்து முறுக்குவிசையை வாங்குகின்றன, அல்லது முறுக்குவிசையைக் கொடுத்து வேகத்தை வாங்குகின்றன, இடையில் ஒவ்வோர் அடுக்கிலும் சிறு பங்கை உராய்வுக்குக் கூலியாகக் கொடுத்துவிடுகின்றன.

ஓர் உண்மையான மோட்டாரை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் இது தெளிவாகும். ஃபர்ஸ்ட் குளோபல் போட்டிக்கான உதிரிப்பாகங்களை வழங்கிவரும் ரெவ் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் ஹெச்டி ஹெக்ஸ் மோட்டார், 12 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுழல்வது. அதை நிறுத்திப் பிடித்தால் கிடைக்கும் முறுக்குவிசை 0.105 நியூட்டன்-மீட்டர், அந்நிலையில் அது இழுக்கும் மின்னோட்டம் 8.5 ஆம்பியர். இதனுடன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய பற்சக்கரக் குப்பிகள் மூன்று வகைகளில் வருகின்றன. நான்குக்கு ஒன்று எனக் குறிக்கப்பட்டதன் உண்மையான விகிதம் 3.61, ஐந்துக்கு ஒன்று எனக் குறிக்கப்பட்டதன் உண்மையான விகிதம் 5.23 என்பதால், இவ்விரண்டையும் அடுக்கினால் வேகம் ஏறத்தாழ 18.9 மடங்கு குறைகிறது. அதாவது 6000 சுற்றுகள் 318 சுற்றுகளாகின்றன; 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 0.283 மீட்டர் உருளும் என்பதால், ரோபோவின் உச்ச வேகம் வினாடிக்கு 1.5 மீட்டர்.

இனி விசையின் பக்கம். 0.105-ஐ 18.9-ஆல் பெருக்கினால் சக்கர அச்சில் ஏறக்குறைய 1.98 நியூட்டன்-மீட்டர் கிடைக்கும். அதைச் சக்கரத்தின் ஆரமான 0.045 மீட்டரால் வகுத்தால், ஒரு மோட்டார் தரையில் 44 நியூட்டன் விசையைச் செலுத்தக்கூடியது என்று ஆகிறது. நான்கு மோட்டார்கள் பூட்டினால் 176 நியூட்டன். ரோபோவின் நிறை 12 கிலோ என்றும், உராய்வுக் கெழு 1 என்றும் வைத்துக்கொண்டால், தரை தாங்கும் வரம்பு 118 நியூட்டன்தான். எனவே எதிராளியோடு முட்டிக்கொண்டு நிற்கும்போது மோட்டார் நின்றுபோவதற்கு முன்பே சக்கரங்கள் வழுக்கிவிடும். இதுவரை நல்லதே, வழுக்கிச் சுழலும் சக்கரம் டயரைத் தேய்க்கும், நின்றுபோன மோட்டாரோ தன்னையே எரித்துக்கொள்ளும்.

ஆனால் கணக்கு இங்கே முடிவதில்லை, பேட்டரியையும் கேட்க வேண்டும். இந்த வகை ரோபோக்களில் வழக்கமாகப் பயன்படும் 12 வோல்ட் பேட்டரியில் 20 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தப்பட்டிருக்கிறது. மின்னோட்டம் முறுக்குவிசைக்கு ஏற்றாற்போல் ஏறுவது. 176-இல் 118 என்பது மூன்றில் இரண்டு பங்கு. ஆக, சக்கரம் வழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் நான்கு மோட்டார்களும் சேர்ந்து ஏறக்குறைய 23 ஆம்பியர் இழுக்கும், பற்சக்கரங்களின் இழப்பையும் சேர்த்தால் 25 ஆம்பியரை எட்டும். ஒரு நொடித் துள்ளலை ஃபியூஸ் பொறுத்துக்கொள்ளும், நீண்ட தள்ளுமுள்ளை அது பொறுக்காது. இப்போது அதே மோட்டாருக்கு ஐந்துக்கு ஒன்று எனக் குறித்த குப்பிகள் இரண்டை அடுக்கினால் விகிதம் 27.4 ஆகிறது, உச்ச வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டராகக் குறைகிறது, நான்கு மோட்டார்களின் விசை 255 நியூட்டனாக உயர்கிறது, தரையின் வரம்பு அதே 118 என்பதால், வழுக்கும் கணத்தில் மின்னோட்டம் 16 ஆம்பியர், இழப்புகளைச் சேர்த்தாலும் 18 ஆம்பியருக்குள். ஃபியூஸ் பிழைத்துக்கொள்கிறது, மோட்டார் சூடேறுவதும் குறைகிறது, ரோபோ கூடுதல் நேரம் முட்டி நிற்கலாம்.

எனில் மெதுவான ரோபோதான் நல்ல ரோபோவா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. வெக்ஸ் என்னும் மாணவர் ரோபோப் போட்டியில் உள்ளதைப் போல 3.66 மீட்டர் பக்கமுள்ள களத்தைக் குறுக்கே கடக்க, வேகமான அமைப்புக்கு 2.4 வினாடியும் மெதுவான அமைப்புக்கு 3.6 வினாடியும் ஆகின்றன. இரண்டரை நிமிட ஆட்டத்தில் இருபது முறை கடக்க வேண்டியிருந்தால் அது 24 வினாடி வேறுபாடு, ஓர் ஆட்டத்தை மாற்றப் போதுமானது. தள்ளுமுள்ளு குறைந்த, போய்வரும் வேலை மிகுந்த ஆட்டத்தில் வேகமான விகிதத்தைத் தேர்ந்து, மின்னோட்டம் எல்லை மீறாதபடி மென்பொருளில் கட்டுப்பாடு வைப்பதே அறிவுடைமை. எந்த விகிதம் என்பதை ஆட்டத்தின் விதிநூலே சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு வென்ற அணியின் ரோபோவைப் பார்த்து நகலெடுப்பது சென்ற ஆண்டின் ஆட்டத்துக்கு மட்டுமே விடை தரும்.

நேராக ஓடுவதைவிடத் திரும்புவது கடினமான சிக்கல், மாணவர் அணிகள் மிகுதியாக ஏமாறும் இடமும் இதுவே. பெரும்பாலான ரோபோக்களில் காரைப் போலச் சக்கரத்தைத் திருப்பும் அமைப்பு கிடையாது. இடப்பக்கச் சக்கரங்களை ஒரு வேகத்திலும் வலப்பக்கச் சக்கரங்களை மற்றொரு வேகத்திலும் ஓட்டி, அந்த வேறுபாட்டால் திரும்புகின்றன. இரண்டு சக்கரங்களும் தாங்கலுக்கு ஓர் உருளையும் மட்டுமே இருந்தால் இது தடையின்றி நடக்கும். நான்கு ரப்பர் சக்கரங்கள் இருந்தால், திரும்பும்போது ஒவ்வொரு சக்கரமும் முன்னே உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபட்டாக வேண்டும், ரப்பரோ அதை விடாப்பிடியாக எதிர்க்கும். தமிழ்நாட்டுத் தேரோட்டங்களில் இதே இயற்பியலைப் பெரிய அளவில் காணலாம். திருவாரூர் ஆழித்தேரின் சக்கரங்கள் திசை மாறாதவை என்பதால், வீதி முனையில் தேரைத் திருப்ப வேண்டிய இடத்தில் மசகு தடவிய இரும்புத் தகடுகளைச் சக்கரங்களின் கீழே இட்டு, முட்டுக்கட்டைகளின் துணையோடு தேரைப் பக்கவாட்டில் வழுக்கச் செய்கிறார்கள். தகடு இல்லையேல் அத்தனை பேர் வடம் பிடித்தாலும் தேர் திரும்பாது.

ரோபோவில் இதன் அளவு எளிய வடிவியலில் அடங்குகிறது. திருப்பும் வலிமை, இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைப் பொறுத்தது. திரும்புதலை எதிர்க்கும் வலிமை, முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளத்தைப் பொறுத்தது. அகலத்தைவிட நீளம் மிகுந்த சட்டகத்தில் நான்கும் ரப்பர் சக்கரங்களாக இருந்தால் ரோபோ திரும்பும்போது விக்கி விக்கித் துள்ளும், மின்னோட்டம் எகிறும், பேட்டரி ஆட்டத்தின் நடுவிலேயே சோர்ந்துபோகும். இதற்கு மூன்று வகையான தீர்வுகள் வழக்கத்தில் உள்ளன. சட்டகத்தை அகலமாகவும் குட்டையாகவும் அமைப்பது முதல் வழி, செலவே இல்லாதது. பின்பக்கம் அல்லது முன்பக்கம் இரு சக்கரங்களை மட்டும் ஆம்னி சக்கரங்களாக மாற்றுவது இரண்டாவது வழி. விளிம்பைச் சுற்றிலும் சிறு உருளைகள் பதிக்கப்பட்ட இச்சக்கரம் முன்னோக்கிப் பிடிப்போடும் பக்கவாட்டில் தடையின்றியும் நகர்வதால், தேர்ச் சக்கரத்தின் கீழே இடும் மசகுத் தகட்டின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆறு சக்கரங்களை வைத்து நடுவிலுள்ள இரண்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்த்துவது மூன்றாவது வழி. அப்போது எந்த நேரத்திலும் நான்கு சக்கரங்களே தரையைத் தொடுகின்றன, அவற்றுக்கிடையிலான நீளமும் பாதியாகிவிடுகிறது. பிடிப்பை இழக்காமல் திரும்பும் எளிமையைப் பெறும் இந்த அமைப்பு, எதிராளியின் பக்கவாட்டு மோதலையும் தாங்கி நிற்கிறது.

எல்லாத் திசையிலும் நகர வேண்டிய ஆட்டங்களுக்கு வேறு விடை தேவை. ரோபோகப் இளையர் கால்பந்துப் பிரிவில், பந்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்க நேரமில்லை என்பதால், மூன்று ஆம்னி சக்கரங்களை 120 பாகை இடைவெளியிலோ நான்கை மூலைவிட்டமாகவோ பொருத்தி, முகத்தைத் திருப்பாமலேயே எந்தப் பக்கமும் பாயும் ரோபோக்களை மாணவர்கள் அமைக்கிறார்கள். ஸ்வீடனின் பெங்ட் இலோன் 1970-களில் வடிவமைத்த மெக்கானம் சக்கரம், உருளைகளை 45 பாகை சாய்த்துப் பதித்து, நான்கு சக்கரங்களையும் வழக்கமான காரைப் போல் இணையாக வைத்துக்கொண்டே பக்கவாட்டு நகர்வைத் தருகிறது. காண்பதற்கு வியப்பூட்டுவதால் இளம் அணிகள் இதன்மீது ஆசைப்படுவது இயல்பு. ஆனால் இவ்வகைச் சக்கரங்கள் எளிதில் உருளும் சிறு உருளைகளின்மீதே நிற்கின்றன. வலிய ரப்பர் சக்கரம் பூட்டிய எதிராளி பக்கத்திலிருந்து தள்ளினால் அவை எதிர்த்து நிற்க மாட்டா. தள்ளுமுள்ளு அனுமதிக்கப்பட்ட ஆட்டத்தில் மெக்கானத்தைத் தேர்வது பெரும்பாலும் பிழையான முடிவு.

சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலான இந்த உறவை உலகத்தரத்தில் ஆராய்ந்த சிங்கப்பூரர் ஒருவர் உண்டு என்பதை இங்குள்ள மாணவர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள், அறிந்திருக்க வேண்டும். நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த இங் பெங் கியாட், மைக்ரோமவுஸ் எனப்படும் எலி ரோபோப் போட்டியில் ஜப்பானியரின் கோட்டையாக விளங்கிய அகில ஜப்பான் போட்டியையே வென்றவர். அமெரிக்காவில் 1970-களின் இறுதியில் தோன்றிய இப்போட்டியில், ஒவ்வொன்றும் 18 சென்டிமீட்டர் பக்கமுள்ள கட்டங்கள் நெடுக்கில் 16, குறுக்கில் 16 என அமைந்த புதிர்ப்பாதையில் ரோபோ தானே வழி தேடி, மூலையிலிருந்து நடுவிலுள்ள நான்கு கட்டங்களை அடைய வேண்டும். வழியை அறிந்துகொண்ட பிறகு மிகக் குறைந்த நேரத்தில் ஓடிக் காட்ட வேண்டும். 2011-இல் இங் பெங் கியாட்டின் ‘மின்7’ வரிசை எலி இந்த ஓட்டத்தை 3.921 வினாடியில் முடித்தது.

நான்கு வினாடிக்குள் பத்துக்கும் மேற்பட்ட திருப்பங்களை எடுப்பதற்கு மோட்டார் வலிமை மட்டும் போதாது. ஒவ்வொரு திருப்பத்திலும் எலியை வெளியே எறியப் பார்க்கும் விசையை டயர் தாங்க வேண்டும். அதனால்தான் எலி ரோபோவின் வடிவமைப்பு எப்போதும் தரையை நோக்கியே குனிந்திருக்கிறது. அச்சிட்ட மின்சுற்றுப் பலகையையே சட்டகமாக்கி, பேட்டரியையும் மோட்டாரையும் பலகையோடு ஒட்டப் படுக்கவைத்து, எடைமையத்தைத் தரையிலிருந்து ஒருசில மில்லிமீட்டர் உயரத்துக்குத் தாழ்த்துகிறார்கள். எடைமையம் உயர்ந்தால் திருப்பத்தில் உட்பக்கச் சக்கரம் தன் சுமையை இழந்து பிடிப்பையும் இழக்கும். பல எலிகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே மோட்டார்தான்; முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் அமர்ந்து, தன் சிறிய பற்சக்கரத்தால் இரண்டின் பெரிய பற்சக்கரங்களையும் ஒருசேர ஓட்டுகிறது, ஆகவே எடை முழுவதும் இயக்கும் சக்கரங்களின் மீதே இறங்குகிறது. டயர்களாகப் பொம்மைப் பந்தயக் கார்களின் மென்மையான ரப்பர் டயர்கள் பயன்படுகின்றன. அவற்றில் படியும் தூசி பிடிப்பைக் குறைக்கும் என்பதால், ஓட்டத்துக்குச் சற்று முன்பு ஒட்டுநாடாவின் மேல் எலியை உருட்டித் துடைப்பது வழக்கம். பிற்காலத்து எலிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, அடியில் ஒரு சிறு விசிறியை வைத்துக் காற்றை உறிஞ்சித் தம்மைத் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன; சுமோ ரோபோவுக்குக் காந்தம் செய்வதை இங்கே காற்றழுத்தம் செய்கிறது.

எலி ரோபோ கற்றுத்தரும் மற்றொரு செய்தி, நகர்வதோடு அளந்துகொள்வதும் இயக்கத்தொடரின் கடமை என்பதாகும். மோட்டார் எத்தனை பாகை சுழன்றது என்பதை எண்ணிச் சொல்லும் என்கோடர் என்ற உணரி, சக்கரம் வழுக்காத வரையில் மட்டுமே உண்மை பேசும். 56 மில்லிமீட்டர் விட்டமுள்ள லெகோ சக்கரம் ஒரு பாகைக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் உருள்வது. தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவர் ரோபோவைச் சரியாக 50 சென்டிமீட்டர் முன்னே அனுப்ப விரும்பினால், அந்த எண்ணிக்கையை நம்பியே நிரல் எழுதுகிறார். புறப்படும்போது ரோபோவைத் திடீரென்று முழு வேகத்தில் விட்டால் சக்கரம் வழுக்கி எண்ணிக்கை பொய்யாகும், படிப்படியாக வேகம் ஏற்றினால் மெய்யாகும். நிரலில் பிழை தேடிச் சோர்ந்துபோகும் பல குழந்தைகளின் பிழை உண்மையில் டயரில் இருக்கிறது.

லெகோ உதிரிகளைச் சிறுவர் விளையாட்டென்று ஒதுக்குவோரும் உண்டு. இயக்கத்தொடரின் இலக்கணத்தை அவற்றைவிட எளிதாகக் கற்பிக்கும் கருவி வேறில்லை. 8 பற்கள் கொண்ட சக்கரத்தை 24 பற்கள் கொண்டதோடு இணைத்தால் விகிதம் மூன்றுக்கு ஒன்று. இவ்விரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் மிகச் சரியாக 16 மில்லிமீட்டர், அதாவது இரண்டு துளைகளின் இடைவெளி. 8-உம் 40-உம் சேர்ந்தால் மூன்று துளைகள், 24-உம் 40-உம் சேர்ந்தால் நான்கு. பற்களின் கூட்டுத்தொகையே அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை நிர்ணயிக்கிறது என்ற பொறியியல் விதியைப் பத்து வயதுப் பிள்ளை விரல்களாலேயே கண்டுகொள்கிறது. உலக ரோபோ ஒலிம்பியாட்டின் எதிர்காலப் பொறியாளர் பிரிவு மூத்த மாணவர்களுக்கு வேறொரு பாடத்தை வைக்கிறது. இடவல மோட்டார்களைத் தனித்தனியே ஓட்டித் திரும்பும் வழியை அங்கே விதிகள் தடுக்கின்றன. காரைப் போல ஒரு சக்கர இணை ஓட்ட வேண்டும், மற்றோர் இணை திரும்ப வேண்டும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால், ஒரே அச்சில் இரண்டையும் பூட்டினால் ஒன்று வழுக்கியே தீரும். கார்களின் பின்னச்சில் உள்ள வேறுபாட்டுப் பற்சக்கரம் ஏன் தோன்றியது என்பதை மாணவர்கள் அங்கே கைப்பட உணர்கிறார்கள்.

கணக்குச் சரியாக இருந்தும் ரோபோ தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தச்சு வேலையில் இருக்கும். அச்சுத்தண்டை ஒரே பக்கம் தாங்கிச் சக்கரத்தை மறுமுனையில் தொங்கவிட்டால், மோதலில் தண்டு வளைந்து பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்து நிற்கும். சக்கரத்தின் இருபுறமும் தாங்கல் வைத்து, துளைகளில் பேரிங் பொருத்தினால் இத்தொல்லை பெருமளவு நீங்கும். பற்களுக்கிடையே இடைவெளி மிகுந்தால் ரோபோ நிற்கும் இடத்தில் ஆடும், இடைவெளியே இல்லாவிட்டால் சூடேறும். சட்டகத்தை மூலைவிட்டமாக முறுக்கிப் பார்த்தால் அது நெளியக் கூடாது. நெளிந்தால் நான்கு சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடாமல் மிதக்கக்கூடும், அப்போது அச்சக்கரத்துக்கு மோட்டார் தரும் விசை காற்றில் போகும். மோட்டாரைப் பூட்டுவதற்கு முன்பு சக்கரங்களைக் கையால் சுழற்றிப் பார்க்கும் பழக்கம் ஒவ்வோர் அணிக்கும் வேண்டும்; கைக்குத் தட்டுப்படும் உராய்வு, ஆட்டக்களத்தில் பேட்டரிக்குத் தட்டுப்படும்.

இத்தகைய வேலைகளுக்கு இந்நகரின் இட அமைப்பு உதவியாக அமைந்திருக்கிறது. லிட்டில் இந்தியாவின் விளிம்பில், ஜாலான் புசாரும் ரோச்சோர் கால்வாய்ச் சாலையும் கூடும் இடத்தில் உள்ள சிம் லிம் டவரில், மின்னணு உதிரிகளுக்கான கடைகள் மாடிமாடியாக இயங்குகின்றன. மோட்டார், சுவிட்சு, இணைப்பி, ஃபியூஸ், மின்கம்பி என்று மாணவர்களின் தேவைகளில் பெரும்பகுதி அங்கே சில்லறையாகவே கிடைக்கும். அருகிலிருந்த சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலை 10-ஆம் நாளோடு மூடப்பட்டது. பழைய இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு அதோடு குறைந்துபோனது வருந்தத்தக்கது. கடைக்குப் போகும் மாணவர் கையில் மோட்டாரின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. தேவைப்படும் முறுக்குவிசை, வேகம், மின்னோட்டம் ஆகிய மூன்று எண்களும் இருந்தால் கடைக்காரரே சரியானதை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

முழுமையாகக் கோத்து வரும் விலையுயர்ந்த இயக்கத்தொடர்களைப் பள்ளிகள் வாங்குவது இப்போது பெருகிவருகிறது. அவை நன்றாக ஓடும் என்பதில் ஐயமில்லை, நேரம் குறைந்த அணிக்கு அவை பயனும் தரும். ஆனால் மேலே கண்ட நான்கு வரிக் கணக்கை ஒருமுறையேனும் தாளில் போடாத மாணவர், ஃபியூஸ் போன மறுகணம் என்ன செய்வதென்று அறியாமல் நிற்பார். வாங்கிய பொருள் ஓட்டத்தைத் தரும், காரணத்தைத் தராது. உயர்நிலை மூன்றாம் ஆண்டு இயற்பியல் பாடத்தில் விசை, உராய்வு, திருப்புத்திறன் ஆகியவற்றைப் படிக்கும் மாணவருக்கு இக்கணக்கில் புரியாத பகுதி எதுவும் இல்லை.

அணிகளை வழிநடத்தும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் வேண்டிக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. போட்டியின் விதிநூல் கைக்கு வந்த முதல் வாரத்தில், கையும் கவ்வியும் இல்லாத வெறும் சட்டகத்தை நான்கு சக்கரங்களோடு கோத்து, முடிவில் எதிர்பார்க்கும் எடைக்கு ஈடாகத் தண்ணீர்ப் புட்டிகளை அதன்மீது ஏற்றி, சக்கரங்கள் சுழலாதபடி கட்டி, போட்டியில் விரிக்கப்படும் அதே வகைத் தரையின்மீது ஒரு வில் தராசால் மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். சட்டகம் நகரத் தொடங்கும் கணத்தில் தராசு காட்டும் எண்தான் அந்த ரோபோ ஒருநாளும் தாண்ட முடியாத விசை. மோட்டாரும் பற்சக்கரமும் பேட்டரியும் அந்த எண்ணுக்கு ஏற்பவே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இதற்குத் தேவையான வில் தராசு உயர்நிலைப் பள்ளிகளின் இயற்பியல் ஆய்வுக்கூட அலமாரியிலேயே இருக்கிறது.